மூதி என்னும் சொல்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் நெல்லைச் சீமையின் வசைச்சொற்களைப் பற்றிப் பேச்சோடு பேச்சாக இரண்டு வரி எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 'மூதி' என்ற ஒரே சொல்லைப் பற்றிக் கேட்டிருந்தன. ஆகவே இந்த மாதம் முழுவதையும் அந்தச் சொல்லுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் ஆச்சியும் அம்மாவும் என்னை 'மூதி' என்று கூப்பிட்டே வளர்த்தார்கள். விடுமுறைக்கு என்னோடு ஊருக்கு வந்த கல்லூரித் தோழி அதைக் கேட்டு முகம் சுருங்கிவிட்டாள். "உன்னை ஏன் இப்படித் திட்டுகிறார்கள்?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: மூதி என்பது மூதேவி என்பதன் குறுக்கம். மூதேவி என்றால் மூத்த தேவி, திருமகளுக்கு அக்காள். பாற்கடலைக் கடைந்தபோது திருமகளுக்கு முன்னால் எழுந்து வந்தவள் இவள் என்றும், அதனால் மூத்தவள் ஆனாள் என்றும் புராணம் சொல்கிறது. பழைய நூல்களில் இவளுக்குத் தவ்வை என்றும் சேட்டை என்றும் பெயருண்டு. தவ்வை என்பது அக்காளைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். சேட்டை என்பது மூத்தவள் என்று பொருள்படும் ஜேஷ்டை என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். (பிள்ளைகள் செய்யும் சேட்டை வேறு, அது செயல், அசைவு என்னும் பொருளுடைய சேஷ்டை என்ற சொல்லிலிருந்து வந்தது.) மூன்று பெயர்களையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது 'முதலில் பிறந்தவள்' என்ற ஒரு செய்தி மட்டுமே. பழி எதுவும் அங்கே கிடையாது.

அந்த 'மூ' வேறு இடங்களில் நமக்கு எவ்வளவு மதிப்பான எழுத்து என்பதை நினைத்துப் பாருங்கள். மூதூர் என்கிறோம், மூதுரை என்கிறோம், மூதறிஞர் என்கிறோம், மூதாட்டி என்கிறோம். புறநானூற்று 279ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு பெண்ணைக் காட்டுகிறார். முன்னைய போர்களில் தமையனையும் கணவனையும் இழந்த அவள், மறுபடி போர்ப்பறை கேட்டதும், இருக்கும் ஒரே மகனுக்கு வெள்ளுடை உடுத்தி, குடுமியில் எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். அவளை 'மூதில் மகளிர் ஆதல் தகுமே' என்று புலவர் வியக்கிறார். மூதில் என்றால் பழமையான மறக்குடி. அந்த 'மூ'வே ஒரு பெண்ணைக் குறிக்கும் வசையாக அடுக்களைக்குள் வந்து சேர்ந்தது எப்படி என்பதுதான் என்னைப் பல நாள் உறுத்திய கேள்வி.

திருக்குறளில் இவள் வரும் இரண்டு இடங்களைப் பார்ப்போம். அழுக்காறாமையில், 'அவ்வித்து அழுக்காறு உடையானைச் செய்யவள் தவ்வையைக் காட்டி விடும்' என்பது 167ஆம் குறள். பிறர் ஆக்கம் கண்டு பொறாதவனைத் திருமகள் தானும் பொறுக்காமல், தன் அக்காளிடம் அடையாளம் காட்டிவிட்டுப் போய்விடுவாளாம். ஆள்வினையுடைமையில், 'மடியுளாள் மாமுகடி என்ப மடியிலான் தாளுளாள் தாமரையி னாள்' என்பது 617ஆம் குறள். சோம்பலில் மூதேவி தங்குவாள், சோம்பல் இல்லாதவன் முயற்சியில் திருமகள் தங்குவாள் என்பது பொருள். இங்கே மாமுகடி என்பதற்குப் பரிமேலழகர் கரிய சேட்டை என்று உரை சொல்கிறார். இரண்டு குறளையும் நிதானமாக இன்னொரு முறை படியுங்கள். பொறாமைக்காரன் 'உடையான்', சோம்பல் இல்லாதவன் 'மடியிலான்'. இரண்டும் ஆண்பாற் சொற்கள். ஆண்பால் எல்லோருக்கும் பொதுவாக வரும் என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லக்கூடும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குற்றம் செய்கிறவன் ஒருவன், அதன் விளைவாக அவனிடம் வந்து தங்குகிறவள் தவ்வை என்ற பிரிவு வள்ளுவரிடம் தெளிவாக இருக்கிறது. நம் வீடுகளில் அந்தப் பிரிவு அழிந்துவிட்டது. குற்றமும் பெண்ணுடையது, பெயரும் பெண்ணுடையது என்று ஆகிவிட்டது. சோம்பியிருந்த ஆணின் வீட்டுக்கு வந்தவள், விடிந்தபின்னும் எழாத பெண்பிள்ளையின் பெயராகிப்போனாள்.

இதை நான் கண்ணால் பார்த்தே வளர்ந்தேன். கோடை விடுமுறையில் தாமிரபரணிக் கரையில் இருந்த எங்கள் ஆச்சி வீட்டுத் தார்சாவில் பேரன் பேத்திகள் எல்லோரும் வரிசையாகப் பாயில் படுத்திருப்போம். கருக்கலிலேயே ஆச்சி எழுந்துவிடுவாள். வாசல் தெளித்துவிட்டு, வாரியலைக் கையில் பிடித்தபடி, காதில் பாம்படம் இரண்டும் ஆட ஆட வந்து நின்று, "ஏட்டி மூதி, பொழுது விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு, எந்திரிட்டி" என்று என் காலைத் தட்டுவாள். அடுத்த பாயில் என் தம்பி கிடப்பான். அவன் மேலிருந்து நழுவிய துப்பட்டியை இழுத்துக் கழுத்துவரை மூடிவிட்டு நகர்ந்து போவாள். வெயில் தார்சாவுக்குள் ஏறி வரும்வரை அவன் தூங்குவான். அவனுக்கு அந்த வீட்டில் அந்தப் பெயர் கிடையாது. சாயங்காலம் அதே ஆச்சி என்னை மடியருகில் இழுத்து உட்காரவைத்து, தலையில் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்தபடி, "எம் மூதிக்கு எம்புட்டு முடி" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமை பேசுவாள். இரண்டும் ஒரே வாய், ஒரே சொல். காலையில் சொன்னது வசை, மாலையில் சொன்னது கொஞ்சல் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருந்ததில்லை, இன்றும் இல்லை.

எனவே உங்கள் தோழியிடம் இரண்டையும் சொல்லுங்கள். நெல்லைப் பேச்சில் மூதி என்பது உறவின் உரிமையால் வரும் சொல்; 'மூ' நீண்டு இழுபட்டு வந்தால் பெரும்பாலும் அது செல்லம். வெடுக்கென்று வந்தாலோ, 'செத்த மூதி', 'சவத்து மூதி', 'கூறுகெட்ட மூதி' என்று முன்னால் ஓர் அடை சேர்ந்து வந்தாலோ அது வசைதான். அதற்குச் செல்லப் பூச்சு பூச வேண்டியதில்லை. முகம் சுருங்கிய உங்கள் தோழி தவறாக எதையும் கேட்டுவிடவில்லை.

கேள்வி: மூதேவிக்கு ஒரு காலத்தில் கோயில் கட்டி வழிபட்டார்கள் என்று சொல்கிறார்களே, அது உண்மையா? அப்படியானால் அவள் பெயர் எப்படி வசையானது? (வாசகர், மானூர்)

பதில்: உண்மைதான். உங்கள் ஊர்ப் பக்கத்துக்கே அதில் ஒரு பங்கு இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்துக் குடைவரையில் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கலி ஆண்டு 3874, அதாவது கி.பி. 773ஐ ஒட்டியது. பாண்டிய மன்னனின் மாசாமந்தனாக, அதாவது அவனுக்கு அடங்கிய தலைவனாக இருந்த சாத்தன் கணபதி என்பவன் அங்கே செய்த திருப்பணியை அது குறிக்கிறது. அந்தச் சாத்தன் கணபதியின் ஊர் கரவந்தபுரம். அதுதான் இன்றைய உக்கிரன்கோட்டை என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். மானூரிலிருந்து உங்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிற ஊர். அவனுடைய மனைவி நக்கன் கொற்றி தன் பங்குக்கு இரண்டு கோயில்களைச் செய்வித்தாள் என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. ஒன்று துர்க்கைக்கு, மற்றொன்று சேட்டைக்கு. நெல்லைச் சீமை வீடொன்றின் தலைவி, 1,250 ஆண்டுகளுக்கு முன்பு, மலையைக் குடைந்து மூதேவிக்கு இடம் கொடுத்தாள். அதைத் தன் பெயரோடு கல்லிலும் வெட்டுவித்தாள். மூதி என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்கு இப்போது இந்தப் பெண்ணின் நினைவுதான் முதலில் வருகிறது.

காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலும், பல்லவர், பாண்டியர், முற்காலச் சோழர் காலத்துக் கோயில்கள் பலவற்றிலும் இவளுடைய சிற்பங்கள் உண்டு. கால்களைத் தொங்கவிட்டு, பெருத்த வயிறும் சரிந்த மார்புமாக, பல பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாயின் உடம்போடு அமர்ந்திருப்பாள். ஒரு பக்கம் எருதுத் தலையுடைய மகன், மறு பக்கம் மகள். காக்கைக் கொடி, கழுதை ஊர்தி, துடைப்பம் ஆகியவை அவளுக்கு உரியவை. துடைப்பம் வீட்டைச் சுத்தம் செய்கிற கருவி என்பதையும், அதைக் கையில் வைத்திருப்பவள்மீதே அழுக்கையும் சோம்பலையும் நாம் ஏற்றியிருக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்தக் காலத்திலேயே எதிர்ப்பும் இருந்தது. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில், 'கெருடவாகனனும் நிற்க, சேட்டைதன் மடியகத்துச் செல்வம் பார்த்திருக்கின்றீரே' என்று கடிந்துகொள்கிறார். கருடனில் வரும் பெருமாள் இருக்க, சேட்டையின் மடியில் செல்வம் கிடைக்கும் என்று காத்திருக்கிறீர்களே என்பது பொருள். செல்வம் வேண்டி மக்கள் அவளிடம் போனார்கள் என்பதற்கு அவளை ஏற்காத ஒருவரின் வாக்கே சான்றாகிவிட்டது. பிற்காலத்தில் அவளுடைய வழிபாடு மங்கியது. பல ஊர்களில் சிலைகள் சன்னதியை விட்டு மதிலோரத்துக்கும் குளக்கரைக்கும் போயின. கும்பிடுவார் இல்லாமல் போனபின் எஞ்சியது பெயர் மட்டுமே. வழிபாட்டின் காப்பு நீங்கிய அந்தப் பெயரை யாரும் யார்மேலும் வீசலாம் என்று ஆயிற்று.

கேள்வி: நாங்கள் நண்பர்களுக்குள் 'போல மூதி' (போடா மூதி) என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொள்கிறோம். எல்லோரும் ஆண்கள். ஆணையும் பெண்ணையும் ஒன்றுபோலத் திட்டப் பயன்படும் சொல்லைப் பெண்களை இழிவுபடுத்தும் சொல் என்று எப்படிச் சொல்ல முடியும்? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: நியாயமான கேள்வி. ஆணையும் அப்படிச் சொல்கிறோம் என்பது சரியே. ஆனால் அப்போதும் நாம் எடுப்பது பெண்ணின் பெயரைத்தான். மூதேவன் என்று ஒரு சொல் நம்மிடம் இல்லை; தேவைப்படவும் இல்லை. உங்கள் நண்பரைச் சிறுமைப்படுத்த ஒரு பெண்ணின் பெயரை அவர்மேல் போர்த்தினால் போதும் என்பதுதான் அந்தச் சொல்லின் வேலை. இது தனிச் சொல்லும் அல்ல. இன்று ஆண்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் 'கம்மனாட்டி' என்பது 'கைம்பெண்டாட்டி' என்பதன் சிதைவு; கணவனை இழந்த பெண் என்பதே அதன் பொருள். சொல்கிறவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. யாரோ ஒரு விதவைப் பெண்ணின் துயரம் இருவருக்கும் நடுவில் வசையாகப் புழங்குகிறது.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். நீங்கள் 'போல மூதி' என்றால் உங்கள் நண்பர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் சிரித்தபடி டீ குடிக்கப் போய்விடுவார். உங்கள் வீட்டில் உங்கள் தங்கையைச் சொன்னால் அவள் திருப்பிச் சொல்ல முடியுமா? திருப்பிச் சொல்ல முடிகிறவர்களுக்கு இடையில் அது விளையாட்டாக இருக்கலாம். முடியாதவள்மேல் விழுந்தால் அது அங்கேயே ஒட்டிக்கொள்கிறது.

கேள்வி: எனக்குத் திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை இல்லை. கணவர் வீட்டில் விசேஷம் என்றால் "அந்த மூதியை முன்னால் விடாதீர்கள்" என்கிறார்கள். ஊரில் எல்லோரும் சொல்கிற சொல்தானே, இதைப் பெரிதாக்காதே என்று என் அம்மாவும் சொல்கிறாள். நான்தான் பெரிதாக்குகிறேனா? (பெயரும் ஊரும் வெளியிட வேண்டாமெனக் கேட்ட வாசகி)

பதில்: இல்லை, அம்மா. நீங்கள் பெரிதாக்கவில்லை. இந்த இடத்தில் அந்தச் சொல் கொஞ்சலும் இல்லை, வட்டார வழக்கும் இல்லை. மலடி, மூளி, அறுதலி என்ற சொற்கள் நிற்கிற வரிசையில் இது வந்து நிற்கிறது. மூளி என்றால் விளிம்பு உடைந்த பாத்திரம்; பிறகு அணிகலன் இல்லாத பெண்ணுக்கு அது பெயராயிற்று. அறுதலி என்றால் தாலி அறுத்தவள். பெண்ணிடம் எது இல்லையோ அதையே அவளுக்குப் பெயராக வைக்கிற கொடுமை இது.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. உடலில் விழும் அடியை மட்டும் அது வன்முறை என்று சொல்லவில்லை. இழிவுபடுத்துவதையும், ஏளனம் செய்வதையும், பழிப்பெயர் சொல்லி அழைப்பதையும், அதிலும் குறிப்பாகக் குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை இல்லை என்றோ சொல்லி அவமதிப்பதையும் வன்முறை என்றே எடுத்துச் சொல்கிறது. அதாவது உங்களுக்கு நடப்பது அந்தச் சட்டத்தில் எழுதப்பட்ட ஒன்று. மாவட்டந்தோறும் இதற்கெனப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம். வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்பது நீங்கள் முடிவுசெய்ய வேண்டியது. ஆனால் பேசிவைப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. உங்கள் கணவர் அந்தப் பேச்சின்போது வாய் திறக்கிறாரா இல்லையா என்று நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. முதலில் பேச வேண்டியவர் அவர்தான். உங்கள் அம்மாவிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. பாசமானவர்கள். ஆனால் என் மூத்த மகளை 'மூதி' என்றும் இளையவளைச் 'சீதேவி' என்றும் கூப்பிடுகிறார்கள். இந்த வயதில் அவர்களைத் திருத்த முடியுமா, அப்படியே விட்டுவிடவா? (வாசகி, திசையன்விளை)

பதில்: விட்டுவிடாதீர்கள். இரண்டு பேரையும் மூதி என்றிருந்தால்கூட நான் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். ஒருத்தியைச் சீதேவி என்று சொல்லி, அவளுக்கு அக்காளாகப் பிறந்தவளை மூதி என்றால், சொல்லுக்குள் இருக்கிற பழைய கதை முழுவதும் அந்த இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் பெரியம்மை மகள் ஒருத்தி இருக்கிறாள். அவள் பிறந்த வருடம் குளத்தில் தண்ணீர் இல்லாமல் வயல் கருகிப்போனது. பெரியப்பா வெறுப்பில் ஒருநாள் "மூதி வந்து பெறந்துட்டு" என்று சொல்லியிருக்கிறார். அதன்பின் வீட்டில் யாரும் கோபத்தோடு அதைச் சொன்னதில்லை; அது அவள் பெயராகவே நிலைத்துவிட்டது. நன்றாகப் படித்தாள், வேலைக்குப் போனாள், தம்பிகளைக் கரையேற்றினாள். ஐந்து வருடங்களுக்கு முன்பு அவளுடைய தம்பி மகள் கல்யாணத்தில், மணவடைக்குப் பக்கத்தில் அட்சதைத் தட்டை எடுத்து எல்லோருக்கும் நீட்டச் சொல்லி நான் அவளைக் கூப்பிட்டேன். தட்டின் விளிம்புவரை வந்த அவள் கை நின்றது. "நீயே எடுட்டி, எதுக்கு மூதி கையால?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி பின்வரிசைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

உங்கள் மாமியாரிடம் கோபமாகப் பேச வேண்டாம். பேத்தியை வைத்துக்கொண்டும் பேச வேண்டாம். தனியாக இருக்கும்போது, "அத்தே, மூத்தவ மனசுல அது தங்கிரும்" என்று ஒரு முறை சொல்லுங்கள். அவர்கள் தலைமுறைப் பெண்களில் அநேகமாக ஒவ்வொருவருக்கும் இப்படி ஏதோ ஒரு பெயர் சின்ன வயதில் ஒட்டியிருக்கும். அவர்களுக்கு என்ன பெயர் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். மற்றதை அவர்களே பேசுவார்கள்.

பிள்ளையைக் கண்டிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நெல்லைப் பேச்சில் கண்டிப்பதற்கு வார்த்தைக்குப் பஞ்சமா? மூதிக்குப் பதிலாகக் 'கோட்டிக்காரி' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். அது மனநோயாளிகளைப் பழிக்கிற சொல். நேரமாகிவிட்டது என்பதைச் சொல்ல நேரமாகிவிட்டது என்பதே போதும். "வெளக்கு வைக்கிற நேரமாச்சு, எந்திரிட்டி தாயீ" என்றால் எந்தப் பிள்ளையும் எழுந்துவிடும்.